சேர்ந்த பிறகு என்ன கதை?

பேய்ப் படத்தின் இரண்டாம் பாகம் சொதப்பினால் எனக்குப் பெரிய வருத்தம் வருவதில்லை. உளவாளிப் படமும் அப்படித்தான். அடுத்ததில் சரிசெய்துகொள்வார்கள் என்று விட்டுவிடுவேன். காதல் நகைச்சுவைப் படத்தின் இரண்டாம் பாகம் கெட்டுப்போனால் மட்டும் மனசு ஆறுவதில்லை. அது தன்னோடு முதல் படத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறது. இரண்டு மணி நேரம் சண்டை போட்டு, ஒருவரை ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டு, கடைசியில் ஒருவழியாகச் சேர்ந்தார்களே, அதை நம்பித்தானே நாம் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போனோம்? அந்த நம்பிக்கையின் மேல் கை வைப்பதற்குத் தக்க காரணம் வேண்டாமா?

எனக்கு இந்த வருத்தத்தை முதலில் கொடுத்த படம் 2004-இல் வந்த 'பிரிட்ஜெட் ஜோன்ஸ்: தி எட்ஜ் ஆஃப் ரீசன்'. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசப்போகிறேன். ஒரு நல்ல காதல் கதையின் இரண்டாம் பாகம் எங்கெல்லாம் தடுக்கி விழும் என்பதற்கு இதைவிட முழுமையான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இதே வரிசையில் பின்னால் வந்த படங்கள் எப்படி எழுந்து நின்றன என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

முதல் படம் 2001-இல் வந்தது. ஹெலன் ஃபீல்டிங் 1995-இல் 'தி இண்டிபெண்டென்ட்' நாளிதழில் எழுதத் தொடங்கிய பத்தி 1996-இல் நாவலாகி, அங்கிருந்து திரைக்கு வந்த கதை. முப்பதைத் தாண்டிய லண்டன் பெண். தனியாக வாழ்கிறாள். எடை, சிகரெட், மது என்று எல்லாவற்றையும் எண்ணி டைரியில் எழுதுகிறாள். அவளைச் சுற்றி இரண்டு ஆண்கள்: பதிப்பகத்தில் அவளுடைய மேலதிகாரி டேனியல் கிளீவராக ஹ்யூ கிராண்ட், குடும்ப நண்பர்களின் மகனும் வழக்கறிஞருமான மார்க் டார்சியாக காலின் ஃபர்த். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவல்தான் கதைக்கு அடித்தளம் என்பதை டார்சி என்ற பெயரே சொல்லிவிடும். 1995-இல் அந்த நாவலை பிபிசி தொடராக எடுத்தபோது டார்சியாக நடித்தவரும் இதே காலின் ஃபர்த். அந்தத் தொடரை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ் இந்தப் படத்தின் திரைக்கதையிலும் பங்கெடுத்தார். அமெரிக்காவின் டெக்சாஸில் பிறந்த ரெனே ஜெல்வெகர் லண்டன் பெண்ணாகவே மாறி, ஆஸ்கர் பரிந்துரை வரை போனார்.

முதல் படத்தில் பிரிட்ஜெட் நிறையத் தடுமாறுகிறாள். விருந்துக்கு நீல நிறத்தில் சூப் வைக்கிறாள், தீயணைப்பு நிலையத்தில் கம்பியில் சறுக்கித் தொலைக்காட்சிக் கேமராவின் மேலேயே வந்து விழுகிறாள். நாம் சிரிக்கிறோம். ஆனாலும் அவள் கேலிப்பொருளாக ஆவதில்லை. டேனியலின் துரோகம் தெரிந்த பிறகு, அலுவலகத்தில் எல்லோர் காதிலும் விழும்படி அவனுக்குப் பதில் கொடுத்துவிட்டு வேலையை விட்டு நடக்கிறாளே, அந்த நிமிடத்தில் திரையில் அவளைவிட உயரமாக யாரும் இல்லை. அவள் எப்படி இருக்கிறாளோ அப்படியே அவளைப் பிடித்திருக்கிறது என்று மார்க் மாடிப்படியில் வைத்துத் தயங்கித் தயங்கிச் சொல்கிறான். அதைக் கேட்டு அவளுடைய நண்பர்கள் வாயடைத்துப் போகிறார்கள். இன்னும் ஒல்லியாக, இன்னும் புத்திசாலியாக இருந்தால்தான் என்ற நிபந்தனை இல்லாமல் ஒருத்தியை ஒருவனுக்குப் பிடிக்கும் என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி. மொத்தப் படமும் அந்த ஒரு வாக்கின் மேல்தான் நிற்கிறது. கடைசியில் பனி விழுகிற தெருவில் அவள் உள்ளாடையோடு அவன் பின்னால் ஓடுவதும், அவன் தன் கோட்டுக்குள் அவளை இழுத்து அணைத்துக்கொள்வதும் அந்த வாக்கு நிறைவேறுகிற இடம்.

இரண்டாம் பாகம் அதிலிருந்து சில வாரங்கள் கழித்துத் தொடங்குகிறது. வெறும் சில வாரங்கள்! கோளாறு இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது என்பது என் எண்ணம். முந்தின படத்தின் முடிவு இன்னும் நம் மனதில் சூடு ஆறவில்லை. அதற்குள் பிரிட்ஜெட்டுக்குச் சந்தேகம் வந்தாக வேண்டும், இல்லையென்றால் படம் ஓடாது. மார்க்கோடு வேலை செய்யும் ரெபெக்கா என்ற ஒல்லியான, அழகான பெண் மேல் சந்தேகம். மார்க் படுக்கப் போகும் முன் உள்ளாடையைக்கூட மடித்து வைக்கிறானே என்று ஒரு மனக்குறை. வழக்கறிஞர்களின் விருந்தில் அவமானம். நேராக ஒரு கேள்வி கேட்டிருந்தால் பாதி தீர்ந்துபோயிருக்கும். முதல் படத்திலும் தவறான புரிதல் இருந்தது. ஆனால் அதற்கு டேனியல் சொன்ன ஒரு பொய்யும், அதை மறுத்துப் பேசக் கௌரவம் தடுத்த மார்க்கின் இறுக்கமும் காரணமாக இருந்தன. சிக்கல் மனிதர்களின் குணத்திலிருந்து பிறந்தது. இங்கே கதை நகர வேண்டும் என்பதற்காகச் சிக்கலைச் செய்து ஒட்டியிருக்கிறார்கள். ரெபெக்காவின் விருப்பம் மார்க் மேல் இல்லவே இல்லை, பிரிட்ஜெட் மேல்தான் என்று பிற்பாடு தெரியவருகிறது. அதோடு சந்தேகம் காணாமல் போகிறது. மார்க் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை, பிரிட்ஜெட் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. இத்தனை நேரம் இந்தப் பாட்டை எதற்குப் பட்டோம்?

இதைவிட எனக்கு வலித்தது, அவளை அவர்கள் பார்த்த பார்வை. படத்தின் தொடக்கத்திலேயே தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக விமானத்திலிருந்து குதித்துப் பன்றிக் கொட்டடியில் போய் விழுகிறாள். தீயணைப்பு நிலையக் காட்சி அன்று சிரிப்பு வரவழைத்ததால் அதையே பத்து மடங்கு ஆக்கியிருக்கிறார்கள். அவளுடைய உடம்பை வைத்து வரும் நகைச்சுவையும் கூடிவிட்டது. அப்படியே இருந்தாலும் போதும் என்று ஒரு பெண்ணுக்குச் சொன்ன படத்தின் தொடர்ச்சி, அவள் இருக்கிற விதத்தையே வேடிக்கைப் பொருளாக்குகிறது. முதல் படத்தை இயக்கிய ஷரோன் மெக்வயர் இதில் இல்லை. பீபன் கிட்ரன் இயக்கினார். இயக்குநர் மாறியதை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. நடிகர்கள் அவர்களேதான். எழுதியவர்கள் பட்டியலிலும் ஃபீல்டிங், டேவிஸ், ரிச்சர்ட் கர்ட்டிஸ் என்று பழைய பெயர்கள் இருக்கின்றன.

பிறகு தாய்லாந்து. டேனியலோடு பயண நிகழ்ச்சிப் படப்பிடிப்புக்குப் போன பிரிட்ஜெட், தோழியின் தற்காலிகக் காதலன் கொடுத்த பரிசுப் பொருளுக்குள் போதைப்பொருள் இருந்ததால் விமான நிலையத்தில் மாட்டிச் சிறைக்குப் போகிறாள். அங்கே தாய்லாந்துப் பெண்கள் தங்களை அடித்த, போதைக்குப் பழக்கிய, விற்ற ஆண்களைப் பற்றிச் சொல்கிறார்கள். அதைக் கேட்டுத் தன் காதலன் எவ்வளவு நல்லவன் என்று பிரிட்ஜெட் உணர்கிறாள். அவர்களுக்கு மடோனாவின் பாட்டைச் சொல்லிக்கொடுக்கிறாள், கிளம்பும்போது பிராவும் சாக்லெட்டும் பரிசாகக் கொடுக்கிறாள், விடுதலையாகி லண்டன் திரும்புகிறாள். அந்தப் பெண்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். ஆசியாவில் உட்கார்ந்து இதைப் பார்த்த எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வரவே இல்லை. லண்டன் பெண்ணின் காதல் கவலையை அளப்பதற்கு ஒரு படிக்கல்லாகத்தான் அந்த உயிர்கள் படத்துக்குத் தேவைப்பட்டன.

ஊரில் கதை தீர்ந்துபோனால் விமானம் ஏறிவிடுவது இந்த வகைத் தொடர்ச்சிகளின் வழக்கம் என்றே சொல்லிவிடலாம். 2010-இல் 'செக்ஸ் அண்ட் தி சிட்டி 2' நியூயார்க்கை விட்டுவிட்டு அபுதாபிக்குப் போனது (படமாக்கியது மொராக்கோவில்). அங்கேயும் உள்ளூர்ப் பெண்கள் கதாநாயகிகளின் பொழுதுபோக்குக்குப் பின்னணியாகத்தான் வந்துபோனார்கள்.

நாவலின் மேலும் கொஞ்சம் பழி இருக்கிறதே என்று கேட்கலாம். தாய்லாந்துச் சிறை 1999-இல் வந்த ஃபீல்டிங்கின் இரண்டாவது நாவலிலேயே உண்டு. ஆனால் டைரி என்ற வடிவத்துக்கு முடிவு கிடையாது. நேற்று காதல் கைகூடியது, இன்று காலையில் மறுபடி பயம் வந்தது என்று எழுதினால் வாசகர் ஏற்றுக்கொள்வார்; எல்லோருடைய மனமும் அப்படித்தானே போகிறது? சினிமா அப்படி இல்லை. பனி விழ, இசை எழும்ப, முத்தத்தோடு ஒரு படம் முடிந்தால் அது ஒரு தீர்ப்பு. மறுநாள் காலைச் சலனத்தை அந்தத் தீர்ப்பின் மேல் ஏற்றினால் தாங்காது. இன்னொரு இழப்பும் நேர்ந்தது. இரண்டாவது நாவலின் மிகச் சிரிப்பான பகுதியில், பிபிசி தொடரில் டார்சியாக நடித்த காலின் ஃபர்த்தையே பேட்டி எடுக்கப் போகிறாள் பிரிட்ஜெட். கேள்விகளெல்லாம் அந்தத் தொடரில் வரும் அவருடைய நனைந்த சட்டையையே சுற்றிச் சுற்றி வருகின்றன. திரையில் காலின் ஃபர்த் மார்க்காக நிற்கும்போது இந்த அத்தியாயத்தைக் கதைக்குள் எங்கே வைப்பது? முதல் படத்தின் மிகச் சரியான தேர்வே இரண்டாம் படத்தின் நல்ல பகுதியைத் தின்றுவிட்டது.

'மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்' கதை வேறு மாதிரி. அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, ஏக்கம்தான் வருகிறது. நியா வார்டலோஸ் தனி ஆளாக மேடையில் நடித்துவந்த தன் குடும்பக் கதையை ரீட்டா வில்சன் பார்த்தார். அவரும் அவருடைய கணவர் டாம் ஹாங்க்ஸும் சேர்ந்து அதைப் படமாக்கத் துணை நின்றார்கள். சுமார் 50 லட்சம் டாலரில் எடுத்து 2002-இல் வெளியான படம் அமெரிக்காவில் மட்டும் 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஒரு வார இறுதியில்கூட முதலிடத்துக்கு வராமலே இதைச் சாதித்தது. ஒருவர் பார்த்துவிட்டு இன்னொருவரிடம் சொல்லி, மாதக்கணக்கில் ஓடிய படம். சிகாகோவில் அப்பாவின் உணவகத்தில் பரிமாறிக்கொண்டிருக்கும் டூலா, கணினி படித்து, அத்தையின் பயண முகவர் கடைக்கு மாறி, கண்ணாடியைத் தூக்கிப் போட்டு, கிரேக்கர் அல்லாத ஒருவனைக் காதலிக்கிறாள். கல்யாணம் ஆகிறது. கடைசிக் காட்சியில் தன் சின்னப் பெண்ணைக் கிரேக்கப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறாள். பக்கத்து வீட்டில் அப்பா அம்மா. அந்த ஒரு காட்சியிலேயே அடுத்த தலைமுறையின் கதையும் சொல்லி முடிந்துவிட்டது.

2003-இல் இதைத் தொலைக்காட்சித் தொடராக்கினார்கள். ஏழே வாரத்தில் நின்றுபோனது. 2016-இல் இரண்டாம் பாகம் வந்தது. அதன் தொடக்கத்தில் டூலா எங்கே இருக்கிறாள் தெரியுமா? பொருளாதாரச் சரிவில் பயண முகவர் கடையை மூடிவிட்டு, மறுபடி அப்பாவின் உணவகத்தில். முதல் படம் முழுக்க அவள் எங்கிருந்து வெளியே வரப் போராடினாளோ, அதே மேசைக்குப் பின்னால். நிஜ வாழ்க்கையில் அப்படி நடக்கும், மறுக்கவில்லை. 2008-க்குப் பிறகு எத்தனையோ பேருக்கு நடந்தது. அந்தத் தோல்வி அவளுக்கு எப்படி இருந்தது என்று படம் நின்று ஒரு நிமிடம் கேட்டிருந்தால், அதுவே அருமையான கதை. படம் கேட்கவில்லை. பழைய சிரிப்புகள் அதே உணவகத்தில் கிடைக்கும் என்பதற்காகத்தான் அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். எந்த நோய்க்கும் கண்ணாடி துடைக்கும் விண்டெக்ஸ் திரவத்தை அடிக்கும் அப்பா மறுபடி அடிக்கிறார். எந்த வார்த்தையும் கிரேக்கத்திலிருந்து வந்ததே என்பவர் மறுபடி சொல்கிறார். ஒரு கல்யாணமும் வேண்டுமே என்று, அப்பா அம்மாவின் திருமணச் சான்றிதழில் பாதிரியார் கையெழுத்தே போடவில்லை என்று கண்டுபிடிக்கிறார்கள். மைக்கேல் கான்ஸ்டன்டைனும் லெய்னி கசானும் அந்த வயதான தம்பதியாக இவ்வளவு அன்பாக நடிக்காமல் இருந்திருந்தால் உட்கார்ந்து பார்த்திருக்க முடியாது. 2023-இல் மூன்றாவது படம் கிரீஸுக்கே விமானம் ஏறியது. கான்ஸ்டன்டைன் 2021-இல் மறைந்துவிட்டார். அவர் இல்லாத வெற்றிடம்தான் அந்தப் படத்தில் மிச்சமிருந்த உண்மையான உணர்ச்சி.

'லீகலி பிளாண்ட் 2', 'மிஸ் கன்ஜீனியாலிட்டி 2' இரண்டும் இதே தவறின் கிளைகள். முதல் படத்தில் எல்லோரையும் வாயடைக்க வைத்த பெண், இரண்டாவதில் வேறு ஊரில் வேறு ஆட்கள் முன்னால் அதே பரீட்சையை முதலிலிருந்து எழுத வேண்டும். காதலனைப் பெயருக்கு வைத்திருப்பார்கள், அல்லது ஒரு தொலைபேசி அழைப்பில் கழற்றிவிடுவார்கள்.

பணத்தாசைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. 'எட்ஜ் ஆஃப் ரீசன்' விமர்சகர்களிடம் அடிவாங்கியும் உலகம் முழுக்க 26 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தது என்பது உண்மை; முதல் படத்தின் வசூலுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனால் பிற்பாடு வந்த நல்ல தொடர்ச்சிகளும் பணத்துக்காக எடுத்தவைதான். வேறுபாடு காலத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். காதலர்களுக்கு நடுவே முதல் படத்தில் ஒரு தடை இருந்தது. அது விலகியதும் கதை முடிந்தது. இரண்டாம் படத்துக்கு உண்மையான ஒரு தடை வேண்டுமானால், அதைக் கொண்டுவரக்கூடியது வயதுதான், வருடங்கள்தான். சில வாரங்களில் அது முளைக்காது.

ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் 'பிஃபோர்' படங்களைக் காதல் நகைச்சுவை என்று முழுதாகச் சொல்ல முடியாது, ஆனாலும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1995-இல் வியன்னாவில் ஒரே ஓர் இரவு. 2004-இல் பாரிஸில் ஒரு மாலை. அதே 2004, 'எட்ஜ் ஆஃப் ரீசன்' வந்த வருடம்! ஒன்பது வருடங்களை ஈதன் ஹாக், ஜூலி டெல்பி இருவரின் முகத்திலேயே பார்க்கிறோம். யாரும் யாரையும் செயற்கையாகச் சந்தேகிக்க வேண்டியதில்லை. போன வருடங்களே சிக்கல்.

தமிழில் நாம் இதை வேறு வழியில் தீர்த்துக்கொண்டோம் என்று தோன்றும். நமக்கு இடைவேளை இருக்கிறது. 'அலைபாயுதே'யை நினைத்துப் பாருங்கள். கார்த்திக்கும் சக்தியும் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்வது வேறு ஊர்ப் படத்தில் உச்சக்காட்சியாக இருந்திருக்கும். மணிரத்னம் அதைப் பாதி வழியில் வைத்தார். அதற்குப் பிறகு ஒரே வீட்டில் இரண்டு பேர் வாழ்வதன் எரிச்சல், சொல்லாமல் மறைத்த விஷயங்கள், சின்னச் சின்னச் சண்டை. இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்குள்ளேயே இருந்தது. அதனால்தான் 2000-இல் வந்த படத்துக்கு இன்னொரு பாகம் வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இந்தியில் 'தனு வெட்ஸ் மனு ரிட்டர்ன்ஸ்' 2015-இல் வந்து முதல் பாகத்தைவிட நன்றாக இருந்ததற்கும் இதுதான் காரணம் என்பேன். கல்யாணமாகி நான்கு வருடம் கழித்து, இங்கிலாந்தில் ஒரு மனநல மருத்துவமனையில் கணவனும் மனைவியும் மாறி மாறிக் குற்றம்சாட்டுவதில் படம் தொடங்குகிறது. அந்த நான்கு வருடம் அவர்களை என்ன செய்தது என்பதை அந்த ஒரு காட்சியே சொல்லிவிடும். தனுவாகவும், அவளைப் போலவே இருக்கும் ஹரியானா ஓட்டக்காரி தத்தோவாகவும் நடித்த கங்கனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

பிரிட்ஜெட்டுக்குத் திரும்பலாம். 2016-இல் 'பிரிட்ஜெட் ஜோன்ஸ்'ஸ் பேபி' வந்தபோது நான் பெரிய நம்பிக்கை வைக்கவில்லை. ஷரோன் மெக்வயர் திரும்ப வந்திருந்தார். எம்மா தாம்ப்சன் திரைக்கதையில் கைவைத்து, மருத்துவராகவும் நடித்திருந்தார். பிரிட்ஜெட்டுக்கு நாற்பத்து மூன்று வயது; மார்க்கும் அவளும் எப்போதோ பிரிந்துவிட்டார்கள். அந்தப் பிரிவை நம்புவதற்கு எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. மார்க் வேலையிலேயே மூழ்கிவிடுபவன், அவள் காத்திருந்து அலுத்துவிடுபவள். பத்து வருடத்தில் அது நடக்கும். குழந்தைக்கு அப்பா யார் என்ற முடிச்சு கொஞ்சம் இழுவைதான். ஆனால் இந்தப் படத்தில் அவள் யாருடைய கேலிக்கும் இலக்கு இல்லை. தொடக்கத்திலேயே, பழைய படத்தின் சோகப்பாட்டு ஓடும்போது அதை நிறுத்திவிட்டு வேறு பாட்டுக்கு ஆடுகிறாளே, அங்கேயே எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது.

நான்காவது, 'மேட் அபௌட் தி பாய்', 2025-இல் வந்தது. இயக்கம் மைக்கேல் மோரிஸ். மார்க் இறந்துவிட்டான். சூடானில் மனிதநேயப் பணிக்குப் போன இடத்தில் உயிர் போனது, நான்கு வருடமாகிறது. இரண்டு குழந்தைகளோடு பிரிட்ஜெட். 2013-இல் ஃபீல்டிங் நாவலில் மார்க்கைச் சாகடித்தபோது வாசகர்கள் கொதித்துப்போனார்கள். எனக்கும் முதலில் மனம் ஒப்பவில்லை. படம் பார்த்த பிறகு அது சரியென்று பட்டது. 'எட்ஜ் ஆஃப் ரீசன்' மார்க்கின் அன்பைச் சந்தேகித்துக் கதை செய்தது. இந்தப் படம் அந்த அன்பில் ஒரு துளியும் சந்தேகப்படவில்லை. அவன் இருந்தான், நேசித்தான், இப்போது இல்லை. முதல் படத்தின் மாடிப்படியில் கொடுத்த வாக்கு கடைசிவரை நின்றது என்று நான்காவது படம் உறுதி சொல்கிறது. விருந்துக்குப் போகும் வழியில் அவன் பக்கத்தில் வந்து நிற்பதும், கதவு திறக்கும்போது அவன் அங்கே இல்லாததும் ரெனே ஜெல்வெகரின் முகத்தில் எந்த அலட்டலும் இல்லாமல் நடந்துமுடிகிறது. பெண்களை ஏமாற்றித் திரிந்த டேனியல்கூடக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் மாமாவாக, முதுமையின் தனிமை தெரிகிற மனிதனாக வளர்ந்திருக்கிறான். ஹ்யூ கிராண்ட் இருபத்து நான்கு வருடமாக இந்தப் பாத்திரத்தைத் தூக்கிச் சுமந்ததன் பலன் அது. இவ்வளவு நல்ல படத்தை அமெரிக்காவில் திரையரங்குக்குக் கொண்டுவராமல் நேராக ஓடிடியில் விட்டதில் எனக்கு ஆறாத ஆதங்கம்.

இந்த வரிசையை இன்னும் பார்க்காதவர்கள் முதல் படத்தைப் பார்த்துவிட்டு நேராக மூன்றாவதற்குப் போங்கள், பிறகு நான்காவது. இரண்டாவதில் தவறவிடக்கூடாதது ஒன்றே ஒன்று: மார்க்கும் டேனியலும் நீரூற்றுத் தொட்டிக்குள் விழுந்து புரண்டு போடும் சண்டை. முதல் படத்தில் உணவக ஜன்னலை உடைத்துக்கொண்டு போட்ட சண்டையின் மறுபதிப்புதான், ஆனாலும் எனக்குப் பிடிக்கும். இரண்டு பேருக்கும் அடிக்கத் தெரியாது. தலைமுடியைப் பிடித்து இழுக்கிறார்கள், காலை உதைக்கிறார்கள், மூச்சு வாங்குகிறது. மார்க்கின் கௌரவமும் டேனியலின் திமிரும் சேர்ந்தே நனைகின்றன. மொத்தப் படத்தையும் இந்தக் காட்சியை எழுதிய கையே எழுதியிருக்கக் கூடாதா!